தோட்டத் திடலில் 800 மீட்டர்: ஓடியவர் பயிற்றுநர் ஆவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடுகள் இருக்கும் தாமானுக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களுக்கு நடுவில் இருந்தது. லயங்கள் போய்விட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. திடல் மட்டும் அப்படியே கிடக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை ஐந்தரைக்கும் ஞாயிறு காலையிலும் அங்கே பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் நான் பாலர் பள்ளி ஆசிரியை. மாலையில் அவர்களுக்கு கோச். அதற்கெல்லாம் முன்பு, 1990-களில், நான் 800 மீட்டர் ஓடியவள். என் சிறந்த நேரம் 2 நிமிடம் 17 விநாடி. அம்மா விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் நேரத்திலேயே எழுந்து, அவருக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு பால்மர நிரைக்கு ஓடிப் பழகிய கால்கள்.

இதைப் படிக்கிற நீங்களும் பள்ளிக் காலத்தில் மாவட்டம், மாநிலம் என்று ஓடியவராக இருக்கலாம். வேலை, கல்யாணம் என்று நின்றுபோயிருக்கும். இப்போது பிள்ளைகள் திடலோரம் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாமே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கும். வாருங்கள், ஆள் வேண்டியிருக்கிறது. இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நான் பட்டதை உங்கள் பிள்ளைகள் படவேண்டாம்.

பழைய நோட்டைத் திறக்காதீர்கள்

என்னிடம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் இருந்தது. படிவம் ஐந்தில் படித்தபோது ஒவ்வொரு நாளும் என்ன ஓடினேன் என்று எழுதி வைத்தது. முதல் பிள்ளை என்னிடம் வந்தபோது அவளுக்கு வயது 13. நான் அந்தப் புத்தகத்தைத் திறந்து, 17 வயதில் நான் ஓடியதை அவளுக்குக் கொடுத்தேன். வாரத்தில் மூன்று நாள் வேக ஓட்டம். சனிக்கிழமை வாந்தி வரும்வரை 400 மீட்டர்கள். ஆறே வாரத்தில் அவள் நேரம் 2:48-இலிருந்து 2:37-க்கு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது வாரம் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் வலி. மருத்துவமனையில் எலும்பில் மயிரிழை விரிசல் என்றார்கள்.

அதே இடத்தில் அதே விரிசல் எனக்கு 17 வயதில் வந்தது. அப்போது என்னைப் பயிற்றுவித்தவர் அதைச் சோம்பல் என்றார். மாநிலப் போட்டிக்கு அந்தக் காலோடுதான் போனேன். அதன் பிறகு 2:17-ஐ நான் திரும்பப் பார்க்கவே இல்லை. இருபது வருடம் அவர் மேல் மனத்தாங்கலோடு இருந்தவள், அவர் எனக்குச் செய்ததை வரி பிசகாமல் ஒரு சின்னப் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். அவள் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். “டீச்சர், உங்கள நம்பித்தானே அனுப்புனேன்” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். எலும்பு கூடிவிட்டது. பிள்ளை மறுபடி ஓட வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி நோட்டு. பள்ளிக்கூட நோட்டுதான், போதும். அதில் எழுத வேண்டியவை: தேதி, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன ஓடினான், எங்கே வலித்தது. மாதத்துக்கு ஒருமுறை உயரம். உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். பெண் பிள்ளைக்கு 11, 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைக்கு 13, 14 வயதையொட்டியும் உடம்பு சடசடவென்று நீளும் ஒரு காலம் உண்டு. எலும்பு முந்திக்கொள்ளும், தசைநாரும் எலும்பின் வலிமையும் பின்னால்தான் வரும். அந்த மாதங்களில் பிள்ளையின் ஓட்டம் கோணலாகும், நேரம் கூடப் பின்னடையும். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள மேடு தொட்டாலே வலிக்கும். சோம்பல் என்று நினைக்கத் தோன்றும். நினைக்காதீர்கள். எங்கள் திடல் கொட்டகையின் மரத்தூணில் பதினான்கு பெயருக்கும் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் கோடு ஏறினால், அந்தப் பிள்ளைக்கு வேக ஓட்டத்தைப் பாதியாக வெட்டிவிடுவேன். மலையிறக்கம் அறவே கிடையாது.

தடம் போடுவது

ரப்பர் தடம் வேண்டுமென்றால் நாங்கள் ஈப்போ போக வேண்டும். வருடத்தில் நான்கைந்து முறை போகிறோம். மற்ற நாளெல்லாம் புல்தான். புல்லைக் குறைவாக எண்ணாதீர்கள், வளரும் காலுக்கு அது நல்லது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான தமிழ்ப்பள்ளித் திடலில் 400 மீட்டர் தடம் அடங்காது. 200 மீட்டர் தடத்துக்கு 82 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும், சுற்றிலும் ஓரிரு மீட்டர் இடமும் இருந்தால் போதும். திடலின் நீளவாக்கில் நடுக்கோட்டில் 49.74 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பாணி அடியுங்கள். ஒவ்வோர் ஆணியிலிருந்தும் 15.80 மீட்டரில் வெளிப்பக்கமாக அரைவட்டம் போடுங்கள். இரண்டு அரைவட்டத்தின் முனைகளையும் நேர்க்கோட்டால் சேர்த்துச் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். ஓடுகிறவர் கோட்டின் மேல் ஓடுவதில்லை, 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவார்; அதனால் அவர் ஓடும் வளைவின் ஆரம் 16 மீட்டர். இரண்டு வளைவும் சேர்ந்து 100.53 மீட்டர், இரண்டு நேர்க்கோடும் 99.48. கூட்டினால் 200-க்கு ஒரு சென்டிமீட்டர்தான் அதிகம்.

வளைவு போட நைலான் கயிறு வேண்டாம். நான் முதலில் அதைத்தான் பயன்படுத்தினேன். இழுத்த இழுப்பில் கயிறு 30 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் அதிகம். 800-க்கு நான்கு சுற்று, ஆக 8 மீட்டர். 2:20-இல் ஓடும் பிள்ளைக்கு அது ஒன்றேகால் விநாடிக்கு மேல். இரண்டு மாதம் பிள்ளைகள் முன்னேறவில்லை என்று அவர்களிடம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மெல்லிய கட்டுக்கம்பிதான்.

சிறிய தடத்தில் வளைவு கூர்மையானது. எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றினால் ஒரு பக்கக் கணுக்காலும் இடுப்பும் அதிகம் வாங்கும். உடம்பைச் சூடேற்றும் ஓட்டத்தையும் மெதுவோட்டத்தையும் எதிர்த்திசையில் ஓடவிடுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு எங்களுக்குச் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலைதான். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். காவலுக்கு நிற்கும் ஜாகாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தூரம் அளப்பதற்கு மரங்களே துணை. செம்பனையை முக்கோண வாக்கில் ஒன்றுக்கொன்று 9 மீட்டர் தள்ளி நடுவது பரவலான வழக்கம். நிரை பிடித்து எண்ணினால் 22 இடைவெளி 198 மீட்டர். இரண்டு பெரிய எட்டு வைத்தால் 200. உங்கள் தோட்டத்தில் இடைவெளி கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆகவே முதலில் பத்து மரத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நான் ஒவ்வொரு 22-ஆவது மரத்திலும் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதற்கு ‘கோச் கோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெட்டிப்போட்ட மட்டைமேல் கால் வைக்க விடாதீர்கள். மட்டைக் காம்பின் முள் காலணியின் அடியையும் துளைக்கும். மட்டை அடுக்கிய வரிசைப் பக்கம் போகவே கூடாது. எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். ஞாயிறு ஓட்டத்தை விடிந்த பிறகு, ஏழேகாலுக்கு மேல் தொடங்குங்கள், எட்டரைக்குள் முடியுங்கள். மாலைப் பயிற்சியில் இடி கேட்டால், மழை வராவிட்டாலும், எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் திடலில் கால். புகைமூட்ட மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் எங்களுக்கு ஓட்டம் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து நோட்டு எழுதுவோம்.

முதல் மூன்று மாதம் மெதுவாக

800 மீட்டரைப் பார்ப்பவர்கள் அது இரண்டு சுற்று வேக ஓட்டம் என்று நினைக்கிறார்கள். ஓடிய நாமும் கடைசி 150 மீட்டரின் எரிச்சலைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அதனால் பிள்ளைகளுக்கும் எரிச்சலையே பயிற்சியாகக் கொடுக்கிறோம். ஆனால் 800 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் 60 விழுக்காடு அளவுக்கு மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைக் கொண்டுதான் உடம்பு உண்டாக்குகிறது. 1500-இல் அது 80 விழுக்காட்டை எட்டும். அந்த அடித்தளம் மெதுவோட்டத்தில்தான் வளரும்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தாமும் ஓடியவர். எவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு எப்படி மாறுகிறது என்று பல வருடம் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லை 22 மைல் மலைச்சுற்றில் ஓடவிட்டார். ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கமும் 1964 தோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வென்றார். 22 மைலை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. ஸ்னெல் வளர்ந்த ஆள். முதலில் அடித்தளம், வேகம் பிறகு என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

13 வயதுப் பிள்ளைக்கு முதல் வாரம் 12 நிமிட மெதுவோட்டம், வாரம் மூன்று நாள். நடக்க வேண்டுமென்றால் நடக்கட்டும். வாரம் இரண்டு, மூன்று நிமிடமாகக் கூட்டி, பன்னிரண்டாவது வாரத்தில் ஞாயிறு ஓட்டம் 40 நிமிடம், மற்ற நாள் 25 நிமிடம். நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் குறைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டரை நான்கு தடவை, இலகுவாக, முகம் சுளிக்காத வேகத்தில் ஓடட்டும். வியாழக்கிழமை முட்டித் தூக்கு, குதிகால் தட்டு, ஒற்றைக்கால் நிலை. பிறகு மேட்டில் பத்து விநாடி ஏற்றம் ஆறு தடவை, இறங்கும்போது நடை.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? நான் கூடவே சைக்கிளில் போய் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்வேன். ஏழேழு நாற்பத்தொன்பது வரை மூச்சு வாங்காமல் வந்தால் சரி. ‘ஐயேழு’ என்று இழுத்து நிறுத்தினால் வேகம் அதிகம். கேலி செய்ய வந்த அண்ணன்மார் இரண்டு பேர் வாய்ப்பாடு தெரியாமல் திணறிவிட்டு, இப்போது ஒழுங்காக வருகிறார்கள்.

இந்த மூன்று மாதம் கடிகாரத்தைப் பையில் வையுங்கள். ஓடியவருக்கு இதுதான் பெரிய பாடு, கை அரிக்கும். அந்த நேரத்தில் கால் தரையில் விழுவதைப் பாருங்கள், தோள் ஏறுகிறதா பாருங்கள், யார் பேச்சு திடீரென்று குறைந்துவிட்டது என்று கேளுங்கள். கோல்ம் ஓ'கானல் என்ற அயர்லாந்துக்காரர் 1976-இல் கென்யாவின் இட்டென் ஊர்ப் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்கப் போனார். ஓட்டப் பயிற்சி பற்றி ஒரு பாடமும் படிக்காதவர். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 800 மீட்டர் உலகச் சாதனையாளர் டேவிட் ருடிஷா அவர் கையில் வளர்ந்தவர்தான். பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் காதில் ஏற்றுவது

நான்காவது மாதத்திலிருந்து வாரத்தில் ஒரே ஒரு நாள் வேக ஓட்டம். போட்டி நெருங்கும்போது இரண்டு நாள், அவ்வளவுதான்.

மாவட்டப் போட்டியில் 800 மீட்டர் பார்த்திருப்பீர்கள். சத்தம் கேட்டதும் எல்லாரும் 100 மீட்டர்போலப் பாய்வார்கள். 500-க்கு வரும்போது பாதிப் பேர் முகம் வெளுத்துவிடும். பிள்ளையைக் குறை சொல்லி ஆகாது. நிதானம் என்றால் எப்படி இருக்கும் என்று அவன் கால்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2 நிமிடம் 40 விநாடி இலக்கு வைத்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 200 மீட்டருக்கு 40 விநாடி, 50 மீட்டருக்குச் சரியாக 10 விநாடி. 200 மீட்டர் தடத்தில் 50 மீட்டருக்கு ஒரு குச்சி நடுங்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை விசில் ஊதுங்கள். விசில் ஊதும்போது பிள்ளை குச்சியில் இருக்க வேண்டும். முந்தினால் தப்பு, பிந்தினாலும் தப்பு. முதல் நாள் எல்லாரும் முந்துவார்கள். முதல் 50-ஐ எட்டில் ஓடிவிட்டு அடுத்த குச்சியில் நின்று விசிலுக்குக் காத்திருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் பாருங்கள், விசிலும் காலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு விசிலை 100 மீட்டருக்கு ஒன்றாக்குங்கள், பிறகு 200-க்கு. கடைசியில் விசிலே இல்லாமல் 200-ஐ 40-இல் ஓடி வந்து, “நாப்பது தானே கோச்?” என்று கேட்பார்கள்.

இலக்கு வேறாக இருந்தால் எட்டால் வகுத்து 100 மீட்டர் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். ஆளுக்கு ஆள் இலக்கு மாறும் என்பதால் மூன்று கூட்டமாகப் பிரித்து ஓடவிடுகிறேன்.

பயிற்சி அளவு: முதலில் 200 மீட்டர் ஆறு தடவை, இடையில் இரண்டு நிமிட நடை. ஆறாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஆறாவது இரண்டு விநாடி தளர்ந்தால் அடுத்த வாரம் நான்கு தடவைதான். பிறகு 300 மீட்டர் நான்கு தடவை, 60 விநாடியில், இடையில் நான்கு நிமிடம். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு ஒருநாள் 500-ஐப் பந்தய வேகத்தில் ஓடி, பத்து நிமிடம் ஓய்வெடுத்து, 300-ஐ மனம்போல் ஓடவிடுங்கள். என் பிள்ளைகளுக்கு இதைவிடக் கடினமான நாளை நான் கொடுப்பதில்லை.

பெரியவர்கள் ஓடுவது இப்படி இல்லை. ருடிஷா 2012 இலண்டனில் 1:40.91 ஓடியபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. உலகத் தரத்தில் முதல் சுற்று கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் கேட்பார்கள். அது வளர்ந்தவர்களின் ஓட்டம் என்று சொல்லுங்கள்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மலேசியாவின் பி. ராஜ்குமார் 1985-இல் ஜக்கார்த்தா ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டியில் 800 மீட்டரை 1:47.37-இல் ஓடித் தங்கம் வென்றார். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் தேசியச் சாதனையாக நின்ற ஓட்டம். எட்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு 13.4 விநாடி. புதிதாக வரும் ஒவ்வொரு பையனையும் 100 மீட்டரை 13.4-இல் ஓடச் சொல்வேன். உயிரைக் கொடுத்து ஓடி, சிலர் தொடுவார்கள், பலர் தொடமாட்டார்கள். “இதே மாதிரி நிற்காமல் எட்டு” என்பேன். அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் மறப்பதில்லை.

பெண் பிள்ளைகள்

என் பதினான்கு பேரில் எட்டுப் பேர் பெண்கள். தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றவர் என்று சொல்லித்தான் அவர்களைச் சேர்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராஜனைப் பற்றியும் சொல்வேன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அத்தனைக்குப் பிறகும் பயிற்றுநராகத் திடலுக்குத் திரும்பினார்.

மாதவிலக்கைப் பற்றிப் பேசாமல் பெண் பிள்ளைக்கு நடுத்தூர ஓட்டம் கற்பிக்க முடியாது. ஆண் பயிற்றுநர் என்றால் ஓர் அக்காவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் தங்கள் நோட்டில் தாங்களே ஒரு புள்ளி வைப்பார்கள், வேறொன்றும் எழுத வேண்டாம். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராமல் போனால் அம்மாவிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புவேன். பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததுதான் காரணமாக இருக்கும். அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும்.

இன்னொன்று இரும்புச்சத்து. நன்றாக ஓடிய பிள்ளை காரணமில்லாமல் தளர்ந்தால், மாடி ஏறவே மூச்சு வாங்கினால், திட்டாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நெத்திலி, ஈரல், முருங்கைக்கீரை, கூடவே கொய்யா. நம் வீடுகளில் சோற்றோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருக்கிறது. அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு இதையும் மாற்றிய மூன்று மாதத்தில் பழைய ஓட்டம் திரும்பி வந்தது.

எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்கக் கூடாது. காரில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றாதீர்கள். தனிக் குறுஞ்செய்தி வேண்டாம். பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் எழுதுங்கள். “டீச்சர், பொம்பளப் பிள்ள இருட்டுறவரைக்கும் ஓடிக்கிட்டு இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று ஓர் அப்பா கேட்டார். ஏழு மணிக்குப் பயிற்சி முடியும், நீங்களே வந்து பாருங்கள் என்றேன். பார்க்க வந்தவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரில் முன்னால் போய் மட்டையை ஒதுக்கி நாயை விரட்டித் தருகிறார்.

சான்றிதழும் சாமானும்

ஓடிய அனுபவம் மட்டும் போதாது. எஸ்.பி.கே.கே. எனப்படும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் சேருங்கள். தேசிய விளையாட்டுக் கழகம் நடத்துவது, மூன்று நிலைகள். விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, திடல்தடத்துக்கே உரிய நுட்பம் ஒரு பகுதி. நான் 43 வயதில் முதல் நிலை எழுதினேன். வளரும் பிள்ளையின் எலும்பைப் பற்றி அங்கே படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செம்பிறைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியும் முடித்துவிடுங்கள்.

கையில் வேண்டியது: கடிகாரம், விசில், 50 மீட்டர் டேப், ஐஸ் பெட்டி, நோட்டுகள். காலணிக்கு நான் பழைய சாமான் விற்கும் பண்டல் கடைக்குப் போகிறேன். பழசாக இருந்தாலும் அடிப்பாகம் வளைந்துகொடுக்கும் ஓட்டக் காலணி பள்ளிக் காலணியைவிட மேல். ஆணிக் காலணி 14 வயதுவரை தேவையில்லை.

போட்டி நாள்

காலைப் பந்தயம் என்றால் நாசி லெமாக் வேண்டாம். தேங்காய்ப்பால் சோறு வயிற்றில் அப்படியே நிற்கும். இரண்டரை மணி நேரம் முன்பு ரொட்டி, வாழைப்பழம், ஒரு மைலோ.

முதல் வளைவு முடியும்வரை தன் பாதையிலேயே ஓட வேண்டும் என்பதை உடம்பில் பதியும்வரை பழக்குங்கள். 200 மீட்டர் தடத்தில் இதைக் காட்ட முடியாது. அதற்காகவே போட்டிக்கு முன் ஒருமுறையாவது ஈப்போ போகிறோம். வளைவு முடியும் கோட்டைத் தாண்டியதும் பிள்ளைகள் சடாரென்று உள்ளே வெட்டுவார்கள். அங்கேதான் இடித்து விழுவது. எதிர்க்கோடியில் அடுத்த வளைவு தொடங்கும் இடத்தைக் கண்ணால் பிடித்து, அதை நோக்கிச் சாய்வாகப் போகச் சொல்லுங்கள். முன்னால் நெருக்கமாக இருந்தால் முதலாவது ஆளின் தோளுக்கு வெளியே, பின்னால். உள்ளே மாட்டிக்கொண்டால் வழி கிடைக்காது.

திடலோரத்தில் நின்று கத்தாதீர்கள். நான் 600 மீட்டர் இடத்தில் நிற்பேன். ஒரே வார்த்தை: “கை!” தளரும்போது கையை வீசினால் கால் தானாக வரும். அதற்கு மேல் எதுவும் அவர்கள் காதில் விழாது. எனக்கும் ஒருமுறை யாரோ வேலியோரம் நின்று முழுச் சுற்றும் கத்தினார்கள். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

முடிந்ததும் நேரத்தைக் கேட்கும் முன் தண்ணீர் கொடுங்கள். நேரத்தைப் பிள்ளையே தன் நோட்டில் எழுதட்டும்.

அனுப்பி வைப்பது

உங்கள் திடலுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளை ஒருநாள் வருவாள். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996-இலிருந்து இருக்கிறது. ஜொகூர் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. மாநிலப் பயிற்சி மையங்களும் உண்டு. தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாரத்தை நீங்களே பெற்றோரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். விடுதிக்கு அனுப்ப அம்மா அழுவார். அழட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

போன ஆண்டு எங்களிடமிருந்து ஒரு பிள்ளை போனாள். வயது 13. அவள் புதிய பயிற்றுநருக்கு நான் கடிதம் எழுதவில்லை, அவளுடைய இரண்டு நோட்டுகளைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, மார்ச் மாதம் முழுக்க வேக ஓட்டத்தை அடிச்சிட்டிருக்கீங்களே, காயமா?”

காயம் இல்லை, அதற்கு மேலே உள்ள உயரத்தைப் பாருங்கள் என்றேன். தாள் புரளும் சத்தம் கேட்டது.

“இங்க வந்து அளந்தப்போ இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கா” என்றார். “சரிக்கா, இந்த மாசமும் பாதிதான்.”